அவசரப் பிரிவிலிருந்து கிளினிக் வரை: இடைவழியில் தொலையும் நீரிழிவு நோயாளி

திருக்குறளின் 95ஆம் அதிகாரம் மருந்து. அதன் இறுதிக் குறளில் வள்ளுவர் மருத்துவத்தை நான்காகப் பகுக்கிறார்: நோயாளி, மருத்துவர், மருந்து, அருகிருந்து துணைசெய்பவர். நம் நாட்டின் நீரிழிவுச் சிகிச்சையில் பல வேளைகளில் இல்லாமற்போவது இந்த நான்காமவரே.

2019ஆம் ஆண்டின் தேசியச் சுகாதார ஆய்வின்படி, மலேசியாவில் 18 வயதும் அதற்கு மேலும் ஆனவர்களுள் 18.3 விழுக்காட்டினருக்கு நீரிழிவு இருந்தது. இந்தியரிடையே அது 31.4 விழுக்காடு. நோயுற்றோருள் ஏறத்தாழப் பாதிப்பேர் அதை அறியாதிருந்தனர். அத்தகையோரில் சிலர் தம் நோயை முதன்முதலாகக் கேள்விப்படும் இடம் மருத்துவமனையின் அவசரப் பிரிவுதான்.

ஒரு லாரி ஓட்டுநரை எடுத்துக்கொள்வோம். காலில் சீழ்வைத்த புண்ணோடும் காய்ச்சலோடும் இரவில் வருகிறார். இரத்தச் சர்க்கரை லிட்டருக்கு 19 மில்லிமோல். புண்ணுக்கு மருந்திட்டு, சர்க்கரையைக் குறைத்து, சில நாள் மாத்திரைகளும் ஒரு கடிதமும் கொடுத்து, கிளினிக்குக்குப் போகச் சொல்லி அனுப்புகிறார்கள். புண் ஆறிவிடுகிறது. இனிப்பு நீரும் போய்விட்டதென்று அவர் எண்ணுகிறார். வேலைக்குப் போகாவிட்டால் ஒரு நாள் சம்பளம் போய்விடும். கடிதம் லாரியிலேயே கிடக்கிறது.

அவசரப் பிரிவு அன்றைய ஆபத்தை நீக்குகிறது. நோயை உறுதிசெய்து தொடர்ந்து கவனிப்பது கிளினிக்கின் பணி. காய்ச்சலும் கிருமித்தொற்றும்கூடச் சர்க்கரையைத் தற்காலிகமாக உயர்த்தக்கூடும். எனவே, கடந்த இரண்டு மூன்று மாதங்களின் நிலையைக் காட்டும் எச்.பி.ஏ.1.சி. சோதனை தேவை. இரண்டாம் வகை நீரிழிவு என உறுதியானால் கண், சிறுநீரகம், பாதம் ஆகியவற்றையும் உடனே சோதிக்க வேண்டும். நோய் பல ஆண்டுகளாக மறைந்திருந்திருக்கலாம்.

தொடக்கக் காலம் ஏன் முக்கியம்? பிரிட்டனில் 1977இல் தொடங்கிய யு.கே.பி.டி.எஸ். ஆய்வு, புதிதாக நோயறியப்பட்டோரைப் பல ஆண்டுகள் கவனித்தது. சர்க்கரையைக் கடுமையாகக் கட்டுப்படுத்திய பிரிவினரிடம், கண், சிறுநீரகம் போன்றவற்றின் நுண்குழாய்ப் பாதிப்புகள் 25 விழுக்காடு குறைந்ததாக 1998இல் முடிவுகள் வெளியாயின. ஆய்வு முடிந்து பத்தாண்டுகளுக்குப் பின்னும் அந்நன்மை நீடித்தது.

இடைவெளியை அடைக்கப் பெரிய இயந்திரம் எதுவும் வேண்டியதில்லை. நோயாளி வீடு திரும்புமுன் கிளினிக்கின் பெயரும் தேதியும் நேரமும் கையில் இருக்க வேண்டும். கடிதத்தில் சர்க்கரை அளவும் மருந்தும் குறிக்கப்பட வேண்டும். நோயாளிக்குத் தெரிந்த மொழியில், குடும்பத்தார் ஒருவரையும் அருகில் வைத்து விளக்க வேண்டும். வராதவரைத் தொலைபேசியில் அழைக்க வேண்டும்.

அந்தக் கடிதத்தைப் படித்துச் சொல்லக்கூடியவர் பல வீடுகளில் நாமே. அப்பாவோ மாமாவோ அவசரப் பிரிவிலிருந்து திரும்பினால், "சர்க்கரை எவ்வளவு? கிளினிக்கில் என்றைக்கு வரச் சொன்னார்கள்?" என்று கேட்போம். தேதி இல்லையென்றால் நாமே பெற்றுத் தருவோம். முதல் நாள் உடன் செல்வோம். வள்ளுவர் சொன்ன நான்காமவருக்கு மருத்துவப் பட்டம் தேவையில்லை.