நம்பிக்கைகளும் உண்மைகளும்: முதல் வாரத்துச் சோறும் மூன்றாம் மாதத்து வாடகையும்

நம்பிக்கை: பேரிடரில் பொருளாகக் கொடுப்பதே உதவி. பணம் கொடுத்தால் எங்கே போகுமோ!

2015 டிசம்பர் 2 காலை வரையிலான 24 மணி நேரத்தில் சென்னையை அடுத்த தாம்பரத்தில் பெய்தது 49 செ.மீ. மழை. முடிச்சூரிலும் வரதராஜபுரத்திலும் தரைத்தள வீடுகள் மூழ்கின. சாப்பாட்டுப் பொட்டலமும் போர்வையும் தண்ணீர் பாட்டிலும் கொண்டுவந்தவர்களை மக்கள் மறக்க மாட்டார்கள். ஆனால் வெள்ளம் வடிந்த வீட்டுக்குள் எட்டிப் பார்த்தால், சேறு குடித்த மெத்தை, மோட்டார் போன வாஷிங் மெஷின், ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்ட மார்க் ஷீட்டுகள், வீட்டுப் பத்திரம். தையல் மெஷினை இழந்தவருக்கு இன்னொரு போர்வை எதற்கு? 2004 சுனாமிக்குப் பின் நாகப்பட்டினத்துச் சாலையோரங்களில் பழைய துணி மலையாகக் கிடந்தது. அது கொடுப்பவரின் மனபாரத்தைக் குறைத்தது, வாங்குபவரின் மானத்தைக் காக்கவில்லை.

பணமாகக் கொடுத்த அனுபவமும் உண்டு. ஹவாய்த் தீவுக்கூட்டத்தின் லஹைனா நகரத்தை 2023 ஆகஸ்ட் 8 அன்று காட்டுத்தீ விழுங்கியது. நூறு பேருக்கு மேல் இறந்தார்கள். ஓப்ரா வின்ஃப்ரேயும் டுவைன் ஜான்சனும் தொடங்கிய நிதியிலிருந்து, வீடிழந்த பெரியவர்களுக்கு மாதம் 1,200 டாலர் நேரடியாகப் போனது. வாடகையா, மருந்தா, பிள்ளையின் புத்தகமா என்பதை அவரவரே முடிவு செய்தார்கள். என் கட்சியும் அதுதான். எது இல்லாமல் தவிக்கிறோம் என்பது இழந்தவருக்குத்தான் தெரியும்.

நம்பிக்கை: முதல் வாரத்தில் கொடுத்தால்தான் பயன்.

முதல் வாரத்தில் எல்லோரும் வருகிறார்கள். டிவி கேமரா கிளம்பியதும் நன்கொடையும் நின்றுவிடுகிறது. சரக்கு நனைந்துபோன சின்னக் கடைக்காரருக்குக் கஷ்டம் தொடங்குவதே அப்போதுதான். கலிபோர்னியா சமூக அறக்கட்டளை காட்டுத்தீ மீட்புக்கென்றே 2003 முதல் ஒரு நிதியை வைத்திருக்கிறது. தீ அணைந்து மாதங்கள் ஆன பிறகும் கைகொடுப்பதற்கான பணம் அது. 2025 ஜனவரியில் லாஸ் ஏஞ்சலிஸ் எரிந்தபோது புதிதாக உண்டியல் தேட வேண்டியிருக்கவில்லை. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலில் மறுபடி தண்ணீர் புகுந்த முடிச்சூருக்கு அப்படி ஒரு நிரந்தர நிதி வேண்டும். அதில் ஒரு பங்கை அடுத்த மழைக்கு முன்பே படகுக்கும் பம்புக்கும் ஒதுக்க வேண்டும்.

நம்பிக்கை: செம்பரம்பாக்கம் ஏரியைத் திறந்ததால்தான் முடிச்சூர் மூழ்கியது.

இல்லை. அந்த ஏரியின் உபரிநீர் அடையாற்றில் சேருவது திருநீர்மலைப் பக்கம். முடிச்சூர் அதற்கு மேலே இருக்கிறது. இங்கே வருவது ஆதனூர், மண்ணிவாக்கம் வழியாக இறங்கும் நீர். டிசம்பருக்கு முன்பே, 2015 நவம்பர் நடுவில், ஊர் ஒருமுறை மூழ்கிவிட்டது. காரணத்தைத் தவறாகப் பிடித்தால் பணமும் தவறான இடத்துக்குப் போகும். ஆற்றை அகலப்படுத்துவது அரசின் வேலை. மேலேயுள்ள ஏரிகளின் வாய்க்கால் எங்கே அடைந்திருக்கிறது என்று குடியிருப்போர் நலச் சங்கங்கள் அளந்து கேட்பதற்கு அறக்கட்டளைகள் துணை நிற்கலாம்.

நம்பிக்கை: கம்பெனிகள் எந்த நிவாரண நிதிக்குக் கொடுத்தாலும் சமூகப் பொறுப்புச் செலவு (சி.எஸ்.ஆர்.) கணக்கில் சேரும்.

முதலமைச்சர் நிவாரண நிதிக்குத் தருவது சேராது. மாநிலப் பேரிடர் மேலாண்மை ஆணையத்துக்குத் தருவது சேரும். நிவாரணத்தோடு மறுவாழ்வும் மறுகட்டுமானமும் 2019-இல் கம்பெனிச் சட்டத்தின் சி.எஸ்.ஆர். பட்டியலில் வெளிப்படையாகவே இடம்பெற்றன. ஆகவே, வெள்ளம் வடிந்து ஓராண்டு கழித்து ஒரு வீட்டைக் கட்டித் தருவதற்கும் கம்பெனிகளுக்குத் தடையில்லை.

நம்பிக்கை: அமெரிக்காவில் இருக்கும் பிள்ளை பணம் அனுப்பினால் அது வெளிநாட்டு நன்கொடை.

இந்தியக் குடிமகனாக இருந்து, சொந்தச் சேமிப்பிலிருந்து வங்கி வழியாக அனுப்பினால் வெளிநாட்டு நன்கொடை ஒழுங்குமுறைச் சட்டத்தில் (எஃப்.சி.ஆர்.ஏ.) அது வெளிநாட்டு நன்கொடை ஆகாது. அமெரிக்கக் குடியுரிமை வாங்கிவிட்டவர் அனுப்பினால் ஆகும். பெறும் அமைப்புக்கு அந்தச் சட்டப்படி பதிவோ அனுமதியோ வேண்டும். பதிவுள்ள பெரிய அமைப்பு அந்தப் பணத்தை உள்ளூர்ச் சிறு குழுவுக்குக் கைமாற்றுவதையும் 2020 திருத்தம் தடுத்துவிட்டது. எனவே உங்கள் தெருவுக்காகக் கேட்கும்போது, பிள்ளை கையில் இருப்பது எந்த நாட்டு பாஸ்போர்ட் என்பதை முதலில் கேளுங்கள்.