மூலக் குறிமுறையிலிருந்து மென்பொருட் பொதி உருவாக்கல்: வழுவின் இடத்தைக் கண்டறிதல்

தொகுப்பான், இணைப்பான் ஆகியவற்றின் வரைவிலக்கணங்களை மாணவர்கள் பெரும்பாலும் பிழையின்றி எழுதுவர். ஆனால் வழுச்செய்தியொன்றைக் காட்டி, "இதனை வெளியிட்டது தொகுப்பானா, இணைப்பானா?" என வினவினால் பலர் தடுமாறுவர். வரைவிலக்கணத்தை மனனஞ் செய்தவர்கள் அவை வேலை செய்வதைக் கண்டதில்லை என்பதே இதற்குக் காரணம். மூலக் குறிமுறையிலிருந்து பொதியொன்றை உருவாக்கி, அது இடையில் நின்றுபோவதை ஒரு தடவையேனும் பார்த்தவர்க்கு இவ்வேறுபாடு மறக்காது. இப்பாடத்தில் ஆர்ச் லினக்ஸ் பணிசெயல் முறைமையை உதாரணமாகக் கொள்வோம்.

ஆர்ச் லினக்ஸை ஜட் வினெட் என்பவர் 2002 இல் வெளியிட்டார். அதன் உத்தியோகபூர்வ களஞ்சியங்களில் ஏற்கெனவே தொகுக்கப்பட்டுக் கையொப்பமிடப்பட்ட பொதிகள் உள்ளன. பக்மான் என்னும் செய்நிரல் அவற்றை இறக்கி நிறுவும். 2005 முதல் இயங்கும் ஆர்ச் பயனர் களஞ்சியமோ வேறு வகையானது. அங்கே பொதிகள் இல்லை. பொதியை உருவாக்கும் முறையைக் கூறும் குறிப்புகளே உள்ளன. அவற்றைச் சாதாரண பயனர்களே எழுதிப் பராமரிக்கின்றனர்.

அக்குறிப்பு பீகேஜீபில்ட் என்னும் கோப்பாகும். மென்பொருளின் பெயர், பதிப்பு, அது சார்ந்திருக்கும் ஏனைய பொதிகள், மூலக் குறிமுறை கிடைக்கும் இணைய முகவரி, அதன் ஹாஷ் பெறுமானம் ஆகியன அதில் இருக்கும். தொகுப்பதற்கான கட்டளைகளும் அதிலேயே உள்ளன. இக்கோப்பு வெறும் பட்டியலன்று, பேஷ் மொழியில் எழுதப்பட்ட ஒரு செய்நிரல் என்பதைக் கவனத்திற் கொள்க. இதனை இயக்குவது மேக்பீகேஜீ என்னும் கருவி. அது சார்புகளைச் சரிபார்த்து, மூலக் கோப்புகளை இறக்கி, அவற்றின் உண்மைத்தன்மையைச் சோதித்து, விரித்து, தொகுத்து, இறுதியிற் பொதியாக்கும். இவ்வொழுங்கை நினைவில் வைத்திருப்பின் வழு எந்தப் படியில் நிகழ்ந்தது என்பதை எளிதிற் கூறலாம்.

செய்தியை வாசிக்கும் முறை

மாணவர்கள் வழமையாகத் திரையின் கடைசி வரியையே வாசிப்பர். தொகுத்தற் சார்பு தோல்வியடைந்தது என்பதற்கு மேல் அவ்வரி எதையும் கூறாது. அது படியைக் காட்டுமேயன்றிக் காரணத்தைக் காட்டாது. காரணத்தை அறிய மேலே சென்று, "வழு" எனக் குறிக்கப்பட்ட முதலாவது வரியைத் தேடுதல் வேண்டும். பல கோப்புகள் ஒரே நேரத்திற் சமாந்தரமாகத் தொகுக்கப்படும்போது ஒன்று தோல்வியடைந்த பின்னரும் ஏனையவை சிறிது நேரம் தொடரும். எனவே முதலாவது வழு கடைசி வரியிலிருந்து நூறு வரிகளுக்கு மேலேயும் இருக்கலாம்.

தொடக்கத்திலேயே நின்றுவிடின்

மேக்பீகேஜீயை ரூட் பயனராக இயக்கினால் அது மறுத்துவிடும். குறிப்புக் கோப்பு வேறொருவர் எழுதிய செய்நிரல் ஆதலால், முழு அதிகாரத்துடன் அதனை இயக்கினால் அதிலுள்ள ஒரு தவறான கட்டளை முறைமை முழுவதையும் அழிக்கக்கூடும். சாதாரண பயனராக இயக்குக. நிறுவும் வேளையில் மட்டும் கருவியே நிர்வாக அதிகாரத்தைக் கேட்கும்.

ஃபேக்ரூட் என்னும் கருவி காணப்படவில்லை எனச் செய்தி வந்தால், பேஸ்-டெவல் என்ற அடிப்படைத் தொகுதி நிறுவப்படவில்லை என்பது பொருள். தொகுப்பான் முதலிய பொதுக் கருவிகள் இத்தொகுதியில் அடங்கும். அவை எல்லோரிடமும் உள்ளன என்ற எடுகோளுடனேயே குறிப்புகள் எழுதப்படுவதால் சார்புப் பட்டியலில் அவற்றைக் காணமாட்டீர்கள்.

சார்புகள் தொடர்பில் இரண்டு சிக்கல்கள் அடிக்கடி எழும். தேவையான பொதியும் பயனர் களஞ்சியத்தையே சேர்ந்ததாயின் பக்மானால் அதனைக் கண்டுபிடிக்க முடியாது. அதனை முதலில் நீங்களே உருவாக்கி நிறுவ வேண்டும். மற்றையது, உங்கள் கணினியிலுள்ள பொதித் தரவுத்தளம் பழையதாக இருத்தல். பழைய பதிப்பு சேவையகத்திலிருந்து நீக்கப்பட்டிருப்பின் "கோப்பு இல்லை" என்ற பதில் கிடைக்கும். தரவுத்தளத்தை மட்டும் புதுப்பித்து ஒரு பொதியை நிறுவுவது இதற்குத் தீர்வாகாது. புதிய நூலகக் கோப்பும் அதன் பழைய பதிப்பை எதிர்பார்க்கும் செய்நிரல்களும் அருகருகே இருக்க நேரிடும். எனவே முறைமை முழுவதையும் இற்றைப்படுத்துக.

உண்மைத்தன்மைச் சோதனை தோல்வியுறின்

இப்படியை மாணவர்கள் ஆறுதலாக வாசித்தல் வேண்டும். ஏனைய வழுக்களால் நேரம் மட்டுமே வீணாகும். இங்கே செய்யும் தவறு கணினியையே பிறர் கையிற் கொடுத்துவிடும்.

இறக்கிய கோப்பின் ஹாஷ் பெறுமானம் குறிப்பிலுள்ள பெறுமானத்துடன் பொருந்தாவிடின் காரணம் மூன்றிலொன்றாக இருக்கலாம். கோப்பு முழுமையாக இறங்கியிராது. அல்லது மென்பொருளை ஆக்கியோர் அதே பெயரில் வேறு கோப்பை வைத்திருப்பர். அல்லது யாரோ கோப்பை மாற்றியிருப்பர். முதலில் கோப்பை அழித்து மீண்டும் இறக்குக. அப்போதும் பொருந்தாவிடின் ஆக்கியோரின் தளத்தில் வெளியிடப்பட்ட பெறுமானத்துடன் ஒப்பிடுக. சோதனையைத் தவிர்க்கும் தெரிவொன்று மேக்பீகேஜீயில் உண்டு. குறிப்பிலுள்ள பெறுமானத்தை இறக்கிய கோப்புக்கு ஏற்ப மாற்றி எழுதும் கருவியும் உண்டு. இரண்டாவதைப் பயன்படுத்தினாற் சோதனை "சரி" என்று காட்டும். ஆனால் சந்தேகத்துக்குரிய கோப்பை அதனுடனேயே ஒப்பிட்டிருக்கிறீர்கள், எதுவும் நிறுவப்படவில்லை.

கையொப்பத்தைப் பொறுத்தவரை, "பொதுச் சாவி தெரியாது" என்பதும் "கையொப்பம் தவறானது" என்பதும் வெவ்வேறானவை. முன்னையதில் உங்களிடம் சாவி இல்லை, அவ்வளவுதான். சாவியின் விரலடையாளத்தை ஆக்கியோர் வெளியிட்டதுடன் ஒப்பிட்டு, பொருந்தினால் அதனை இறக்கிக்கொள்ளலாம். பின்னையது நிகழ்ந்தால் அக்கோப்பைப் பயன்படுத்தலாகாது.

இனி, சோதனைகள் யாவும் வெற்றியளித்தாலும் ஆபத்து நீங்கிவிடுமா? நீங்காது. ஹாஷ் பெறுமானத்தை எழுதியவரும் குறிப்பை எழுதியவரும் ஒருவரே. அவரே தீயவராயின் பெறுமானம் கச்சிதமாகப் பொருந்தும். 2018 ஜூலையில், பராமரிப்பாளரின்றி விடப்பட்டிருந்த அக்ரோரீட் என்னும் பொதியை ஒருவர் பொறுப்பேற்று, வேறொரு தளத்திலிருந்து கட்டளைக் கோப்பை இறக்கி இயக்கும் வரியை அதன் குறிப்பிற் சேர்த்தார். அது முறைமை பற்றிய தகவல்களைத் திரட்ட முயன்றது. 2025 ஜூலை 16 அன்று உலாவிகளுக்கான திருத்தங்கள் என்ற தோற்றத்தில் பதிவேற்றப்பட்ட பொதிகளில், கணினியைத் தொலைவிலிருந்து கட்டுப்படுத்தும் தீநிரல் இருந்தது. அவை இரண்டு நாட்களில் நீக்கப்பட்டன. எனினும் அவற்றை ஏற்கெனவே நிறுவியோரின் கணினிகளை அந்நீக்கம் காப்பாற்றாது.

ஆகவே கட்டளையை இயக்கும் முன் குறிப்புக் கோப்பைத் திறந்து வாசியுங்கள். அது பெரும்பாலும் ஒரு பக்கந்தான். மூல முகவரி ஆக்கியோருடையதா? தொகுத்தலுக்குத் தொடர்பில்லாத கோப்பு எதுவும் இறக்கப்படுகிறதா? நிறுவும்போது இயங்கும் துணைக்கோப்பு இருப்பின் அதில் என்ன உள்ளது? பேஷ் மொழி முழுவதும் தெரியாத மாணவரும் இவற்றைக் கண்டுகொள்ளலாம்.

தொகுத்தலும் இணைத்தலும்

தலைப்புக் கோப்பொன்று காணப்படவில்லை எனத் தொகுப்பான் கூறினால், சார்புப் பட்டியலில் ஒரு பொதி விடுபட்டிருக்கலாம். சார்பொன்றின் பெயருக்கு "வரையறுக்கப்படாத குறிப்பீடு" எனச் செய்தி வந்தால் அதனை வெளியிட்டது இணைப்பானாகும்; அச்சார்பு அடங்கிய நூலகக் கோப்பு இணைக்கப்படவில்லை.

நேற்றுவரை தொகுக்கப்பட்ட பழைய செய்நிரல் இன்று தோல்வியுறுவதும் உண்டு. 2020 இல் வெளிவந்த ஜீசீசீ 10 ஆம் பதிப்பும் 2024 இல் வெளிவந்த 14 ஆம் பதிப்பும் இதற்கு நல்ல உதாரணங்கள். தலைப்புக் கோப்பொன்றில் முழுதளாவிய மாறி வரையறுக்கப்பட்டு, அத்தலைப்பு இரண்டு சீ கோப்புகளிற் சேர்க்கப்பட்டுள்ளதெனக் கொள்வோம். முன்னர் இணைப்பான் அவ்விரண்டையும் ஒன்றாக்கிவிடும். 10 ஆம் பதிப்பிலிருந்து ஒவ்வொரு கோப்பும் தனித்தனியே தொகுக்கப்பட்டாலும், இணைக்கும்போது "பன்முறை வரையறை" எனும் வழு எழும். 14 ஆம் பதிப்பிலோ, அறிவிக்கப்படாத சார்பை அழைத்தல் எச்சரிக்கை என்ற நிலையிலிருந்து வழுவாக உயர்த்தப்பட்டது. இங்கே நிறுத்துவது தொகுப்பானே. இரு சந்தர்ப்பங்களிலும் பழைய நடத்தையை அனுமதிக்கும் தொகுப்பான் தெரிவைத் தற்காலிகமாகச் சேர்க்கலாம். முறையான தீர்வு குறிமுறையைத் திருத்துவதாகும்.

தொகுப்பான் "கொல்லப்பட்டது" என்ற ஒற்றைச் சொல்லுடன் நின்றால் பெரும்பாலும் நினைவகம் போதாமையே காரணம். சமாந்தர வேலைகளின் எண்ணிக்கையைக் குறைத்து மீண்டும் முயல்க.

நிறுவிய பொதி சில மாதங்களின் பின் திறக்க மறுத்து, பகிரப்பட்ட நூலகக் கோப்பொன்று இல்லை எனக் கூறினால், அந்நூலகத்தின் பதிப்பு மாறியிருக்கக் கூடும். உத்தியோகபூர்வ பொதிகளைப் பராமரிப்போர் மீளத் தொகுத்துத் தருவர். பயனர் களஞ்சியப் பொதியை நீங்களே மீளத் தொகுக்க வேண்டும்.

மாதிரி வினா

ஜீசீசீ 13 ஆம் பதிப்புள்ள கணினியில் மாணவனொருவன் பழைய சீ செய்நிரலொன்றைப் பொதியாக்குகிறான். ஹாஷ் பெறுமானங்கள் பொருந்தின. கோப்புகள் யாவும் தொகுக்கப்பட்டன. பின்னர் "எண்ணி என்னும் மாறி பன்முறை வரையறுக்கப்பட்டுள்ளது" என்ற செய்தி தோன்றி, தொகுத்தற் சார்பு தோல்வியடைந்தது.
(அ) வழுவைக் கண்டறிந்த கருவி யாது?
(ஆ) நண்பனொருவன் ஹாஷ் சோதனையைத் தவிர்த்து மீண்டும் இயக்குமாறு கூறுகிறான். இது பொருத்தமானதா?

விடை
(அ) இணைப்பான். கோப்புகள் தனித்தனியே தொகுக்கப்பட்டுவிட்டமையால் தொகுப்பானின் வேலை முடிந்துவிட்டது. "தொகுத்தலில் வழு" என மட்டும் எழுதுவது முழுமையான விடையாகாது.
(ஆ) இல்லை. ஹாஷ் சோதனை ஏற்கெனவே வெற்றியளித்துள்ளது; வழு அதற்குப் பிந்திய படியில் நிகழ்ந்தது. சோதனையைத் தவிர்த்தாலும் அதே செய்தியே மீண்டும் தோன்றும். அத்துடன் கோப்பு மாற்றப்பட்டிருப்பின் அதனை அறியும் வாய்ப்பும் இல்லாமற் போகும்.