சிறிய குமிழி ஏன் சுருங்கியது?

கண்டமங்கலம் ஒன்றியத்தில் அரசுப் பள்ளி ஒன்றில் எட்டாம் வகுப்புக்கு அறிவியல் எடுக்கிறேன். பரப்பு இழுவிசையைப் பல ஆண்டுகளாக ஒரு வரையறை, இரண்டு எடுத்துக்காட்டு என்றே முடித்துவந்தேன். இம்முறை சோப்புக் குமிழியைக் கையில் எடுத்தோம்.

பாத்திரம் கழுவும் திரவம் ஒரு பங்கு, தண்ணீர் பத்துப் பங்கு, மருந்துக்கடைக் கிளிசரின் அரைப் பங்கு. முதல்நாள் மாலையே கலந்துவைத்தால் குமிழி நன்றாக நிற்கிறது. மின்விசிறியை மட்டும் நிறுத்திவிட வேண்டும்.

சதுரமாக வளைத்த கம்பியில் ஊதினால் குமிழி என்ன வடிவில் வரும்? பாதி வகுப்பு சதுரம் என்றது. வந்தது உருண்டை. 1000 கன செ.மீ. காற்றை அடைக்கக் கனசதுரத்துக்கு 600 சதுர செ.மீ. பரப்பு வேண்டும், கோளத்துக்குச் சுமார் 484 போதும். குமிழி சிக்கனக்காரன்.

அடுத்தது கணிதப் பாடவேளையில். பழைய சிடி உறைகளின் மூடி இரண்டுக்கு இடையே, 10 செ.மீ. சதுரத்தின் நான்கு மூலைகளிலும் ரீஃபில் துண்டுகளை ஒட்டினோம். நான்கு துண்டும் நான்கு ஊர்கள். எல்லாவற்றையும் இணைக்கும் மிகக் குறுகிய சாலை எது? பெருக்கல் குறிபோல் போட்டால் 28.3 செ.மீ. கரைசலில் முக்கி எடுத்தபோது, நடுவில் ஒரு சிறு கோடும் அதன் இரு முனைகளிலும் கவைபோலப் பிரியும் கோடுகளும் நின்றன. அளந்தால் 27.3. மூன்று படலங்கள் கூடுமிடத்தில் கோணமானி 120 பாகை காட்டியது. இந்த விதியைப் பெல்ஜியத்தின் ஜோசப் பிளாட்டோ 1873இல் வெளியிட்ட நூலில் எழுதினார். அப்போது அவருக்குப் பார்வை இல்லை. உடனிருந்தவர்கள் பார்த்துச் சொல்லச் சொல்ல ஆராய்ந்தவர் அவர்.

மறுநாள் நான் மாட்டிக்கொண்டேன். மீன்தொட்டிக்குக் காற்றுவிடும் மெல்லிய குழாயும் ஒரு ‘டி’ இணைப்பும் வாங்கியிருந்தேன். ஒரு கிளையைக் கிள்ளிப் பிடித்துக்கொண்டு மறுகிளையில் பெரிய குமிழி ஊதினோம். பிறகு அதைப் பிடித்துக்கொண்டு இதில் சிறியது. ஊதும் வாயை விரலால் அடைத்துவிட்டு, இரண்டு பிடியையும் விட்டால்? “ரெண்டும் ஒரே அளவாயிடும்” என்றார்கள். நானும் தலையாட்டினேன். முன்கூட்டியே செய்துபார்த்திருக்கவில்லை.

சிறியது சுருங்கியது, பெரியது இன்னும் பருத்தது.

“டீச்சர், நீங்களும் தப்பு!” என்றது கடைசி வரிசை. குழாயில் ஓட்டை என்று சமாளிக்கத்தான் வாய்வரை வந்தது. மீண்டும் மூன்று முறை செய்தோம். அதேதான். அப்போது ஒரு மாணவி, “பலூன்ல மொத ஊதுதான டீச்சர் கஷ்டம்?” என்றாள். அவள் சரியான இடத்தைத் தொட்டுவிட்டாள். ஆரம் குறையக் குறையக் குமிழிக்குள் மிகை அழுத்தம் கூடும். பதினொன்றாம் வகுப்பு இயற்பியலில் வரும் 4T/R அதுதான். கல்லூரித் தேர்வில் அதை எழுதி மதிப்பெண் வாங்கியவள் நான். குழாயைப் பிடித்திருந்தபோது நினைவுக்கு வரவில்லை. கூர்ந்து பார்த்தால் சிறியது முழுதாக மறைவதில்லை. பெரியதன் வளைவே தனக்கும் வரும்வரை தட்டையாகி, குழாய் முனையில் மூடிபோல நின்றுவிடுகிறது.

நம் நுரையீரலின் காற்று நுண்ணறைகளும் உட்புறம் ஈரமானவை. அவை சுருங்கி ஒட்டிக்கொள்ளாதபடி உடலே ஒருவிதச் சோப்பு போன்ற பொருளைச் சுரந்து பரப்பு இழுவிசையைக் குறைக்கிறது. குறைமாதக் குழந்தைகளுக்கு அது போதுமான அளவு சுரந்திருக்காது என்றேன். குறைமாதத்தில் பிறந்து பல நாள் கண்ணாடிப் பெட்டியில் இருந்த தங்கை ஒரு மாணவனுக்கு உண்டு. “அத வெளியிலேர்ந்து குடுக்க முடியாதா டீச்சர்?” என்று கேட்டான். எனக்குத் தெரியவில்லை, நாளை சொல்கிறேன் என்றேன்.

அன்றிரவு தேடிப் படித்தேன். அந்தப் பொருளின் குறைவே காரணம் என்று மேரி எலன் ஏவரியும் ஜியர் மீடும் 1959இல் காட்டினார்கள். 1980இல் ஜப்பானில் ஃபுஜிவாரா குழுவினர், மாட்டு நுரையீரலிலிருந்து தயாரித்ததைக் குழந்தைகளின் மூச்சுக்குழாயில் செலுத்திப் பலன் கண்டார்கள்.

காலையில் சொன்னதும், குழாயை ஒருநாள் வீட்டுக்கு எடுத்துப்போகலாமா என்று கேட்டான். அம்மாவிடம் காட்ட வேண்டுமாம். கரைசலையும் ஒரு சின்ன பாட்டிலில் ஊற்றிக் கொடுத்தேன்.