நீர்யானையின் உறவுக்காரர்

அன்புள்ள யாழினிக்கு,

நீர்யானைக்கு நெருங்கிய உறவு பன்றியா, திமிங்கலமா? பல்லையும் எலும்பையும் பார்த்த விலங்கியலாளர்கள் நெடுங்காலம் பன்றி என்றே சொன்னார்கள். டிஎன்ஏ, திமிங்கலம் என்றது. டிஎன்ஏ சொல்லிவிட்டது என்பதற்காக மட்டும் நீ இதை ஏற்க வேண்டியதில்லை, அதுவும் ஏமாற்றும். பல வௌவால்களும் ஓங்கில்களும் எதிரொலியைக் கேட்டு இரை தேடுபவை. உட்செவியில் வேலைசெய்யும் பிரெஸ்டின் என்ற புரதத்தை மட்டும் ஒப்பிட்டு வம்ச மரம் வரைந்தால் இரண்டும் அருகருகே வந்துவிடும் என்று 2010இல் வெளியான ஆய்வுகள் காட்டின. ஒரே தேவை, உறவில்லாத இரண்டு வம்சங்களில் ஒரே வகை மாற்றத்தைத் தனித்தனியே உண்டாக்கியிருக்கிறது.

அதனால் உயிருக்குப் பயன்படும் ஒற்றுமையைவிடப் பயனற்ற ஒற்றுமையே உறவுக்கு வலுவான சாட்சி. சுவடிகளை ஒப்பிடுவோரும் ஒரே இடத்தில் ஒரே பிழை இருப்பதைக் கண்டுதான் இரண்டும் ஒரு மூலத்தின் படிகள் என்கிறார்கள். டிஎன்ஏவில், சைன் எனப்படும் சில நூறு எழுத்து நீளத் துணுக்குகள் தம்மைப் படியெடுத்து வேறிடத்தில் செருகிக்கொள்கின்றன. விழக்கூடிய இடங்களோ கோடிக்கணக்கில்; விழுந்தது தடயமின்றி நீங்குவதும் மிக அரிது. ஜப்பானின் நொரிஹிரோ ஒகாதா குழுவினர் 1999இல் வெளியிட்ட ஆய்வில், திமிங்கலத்திலும் நீர்யானையிலும் இத்தகைய துணுக்குகள் அதே இடங்களில் இருந்தன. பன்றி, ஒட்டகம், மாடு ஆகியவற்றில் அந்த இடங்களில் அவை இல்லை.

தற்செயலாக இருக்கலாமே என்பாய். ஓரிடத்தில் நடக்கலாம், பல இடங்களில், அதுவும் அதே இரண்டு வம்சங்களில் மட்டும் நடப்பது நம்பத்தக்கதல்ல. இதைவிடக் கூர்மையான ஆட்சேபம் ஒன்று உண்டு. மூதாதைக் கூட்டத்தில் சிலவற்றிடம் மட்டும் இருந்த துணுக்கு, பிற்காலக் கிளைகளுக்குத் தாறுமாறாகப் பங்கிடப்பட்டிருக்கலாம். கிளைகள் அடுத்தடுத்து வேகமாகப் பிரிந்த இடங்களில் இது உண்மையாகவே நடக்கிறது. அதனால்தான் ஒரு துணுக்கை நம்பாமல் பலவற்றை எண்ணி, முரண்படுபவையும் எத்தனை என்று பார்க்கிறார்கள். எலும்பும் ஓரளவு வழிக்கு வந்தது: 2001இல் விவரிக்கப்பட்ட பாகிஸ்தான் புதைபடிவங்களில், பண்டைத் திமிங்கலங்களின் கணுக்கால் எலும்பு ஆடுமாடுகளுக்கு உள்ளதுபோல் இரு முனையிலும் கப்பி வடிவில் இருந்தது. அது இரட்டைக் குளம்பு விலங்குகளோடு உறவைக் காட்டியது. நீர்யானைதான் மிக நெருக்கம் என்று பிரித்துச் சொன்னது டிஎன்ஏ.

நீர்யானையிலிருந்து திமிங்கலம் வந்தது என்று மட்டும் படித்துவிடாதே. இரண்டுக்கும் பொதுவான மூதாதை ஒன்று இருந்தது, அவ்வளவே. அது நீரில் வாழ்ந்ததா என்பதை இந்தத் துணுக்குகள் சொல்லாது. அதற்கு, ஜம்மு காஷ்மீரில் கிடைத்த இந்தோஹ்யஸ் போன்ற அழிந்துபோன விலங்குகளின் எலும்புகளிடம்தான் போக வேண்டும்.

அன்புடன்,
மாமா