பாட்டி தந்ததைப் பேத்தியிடம் சேர்ப்போம்

பிறந்த குழந்தைக்குக் குடும்பம் தரும் முதற்செல்வம் அதன் பெயரே. தாத்தாவின் பெயரைப் பேரனுக்கும் பாட்டியின் பெயரைப் பேத்திக்கும் இடுவது தமிழ்க் குடும்பங்களில் நெடுநாளைய வழக்கம். பாட்டன் பெயரைத் தாங்குபவன் ஆதலின் 'பெயரன்' என்றனர். அச்சொல்லே பேச்சில் 'பேரன்' ஆயிற்று. 'பெயர்த்தி' என்பது 'பேத்தி' ஆயிற்று.

பெயரை மட்டும் தந்தால் போதுமா? பாட்டி எந்த ஊரில் பிறந்தார், என்ன விளையாடினார், பஞ்சகாலத்தில் குடும்பத்தை எப்படிக் காத்தார் என்பன தெரியாவிட்டால், அவர் பெயரைத் தாங்கிய குழந்தைக்கு அது வெறும் ஒலிதான். ஒரு தலைமுறை சொல்லாமல் விட்ட வழக்கத்தை அடுத்த தலைமுறை அறியாது. அதற்கடுத்த தலைமுறைக்கு அதைக் கேட்கவும் தோன்றாது. ஆகவே குடும்ப வழக்கங்களைச் சிறு பிள்ளைகளுக்கு எவ்வாறு கற்பிப்பது, எவற்றைக் கொடுப்பது, எவற்றைக் கொடாமல் நிறுத்துவது என்பவற்றை நாம் இங்கே ஆராய்வோம்.

உறவுச் சொற்கள்

முதற் பாடம் உறவுச் சொற்களில் தொடங்குகிறது. தந்தையின் உடன்பிறந்தார் பெரியப்பா, சித்தப்பா, அத்தை. தாயின் உடன்பிறந்தார் பெரியம்மா, சித்தி, மாமா. மூத்தவரா இளையவரா, தாய்வழியா தந்தைவழியா என்பதெல்லாம் ஒரே சொல்லில் அடங்கிவிடுகிறது. நம் தாலாட்டுகளில் மாமனும் அத்தையும் பாட்டியும் ஒருவர்பின் ஒருவராக வருவதைக் கேட்டிருப்போம். பேசத் தெரியாத குழந்தைக்கு அதன் சுற்றத்தாரை அறிமுகம் செய்யும் பாடம் அது.

இன்றோ வீட்டுக்கு வருவோர் அனைவரும் 'அங்கிள்', 'ஆன்ட்டி' ஆகிவிட்டனர். இவ்விரு சொற்களால் யார் எவ்வழி உறவு என்று குழந்தை அறிய இயலாது. மூன்று வயதுப் பிள்ளைக்கு உறவுமுறையை விளக்க வேண்டியதில்லை. சித்தி வரும்போது "சித்தி வந்திருக்காங்க, வாங்கன்னு சொல்லு" என்று பழக்கினாலே போதும். சற்று வளர்ந்ததும், "சித்தி அம்மாவுக்குத் தங்கை, உனக்குத் தம்பி மாதிரி" என்று சொன்னால் அதற்கு விளங்கிவிடும்.

கைகளின் வழியே கல்வி

சிறு பிள்ளைகள் காதால் கற்பதைக் காட்டிலும் கையால் கற்பது மிகுதி. பொங்கலின் பெருமையை அரைமணி நேரம் பேசினால் ஐந்து வயதுக் குழந்தை கொட்டாவி விடும். அதனிடம் ஒரு பிடி புத்தரிசியைக் கொடுத்துப் பானையில் இடச் சொல்வோம். பால் பொங்கும்போது எல்லோருடனும் சேர்ந்து குரல் எழுப்பச் சொல்வோம். மறுநாள் மாட்டுக்கு ஒரு பழத்தைத் தன் கையால் ஊட்டட்டும். உழவருக்கும் கதிரவனுக்கும் கால்நடைக்கும் நன்றி சொல்லும் நாள் இது என்பதை அப்போது சொன்னால், ஒரே வாக்கியத்தில் பதிந்துவிடும்.

கோலமும் அவ்வாறே. அரிசிமாவில் இட்ட கோலம் எறும்புக்கும் குருவிக்கும் உணவாகும் என்பதைக் குழந்தை தன் கண்ணாலேயே கண்டறியும். புள்ளிகளை எண்ணி, வரிசைப்படுத்தி, கோடு விடுபடாமல் சுற்றி வருவதில் கணக்கும் பொறுமையும் அடங்கியுள்ளன. சென்னைக் கிறித்தவக் கல்லூரியைச் சேர்ந்த கிப்ட் சிரோமணி, ராணி சிரோமணி ஆகியோரும் கமலா கிருத்திவாசனும் சேர்ந்து, கோல வடிவங்களைக் கணினி அறிவியலின் இலக்கண விதிகளோடு இணைத்து 1974-இல் ஓர் ஆய்வுக் கட்டுரை வெளியிட்டனர். இம்மூவருள் இருவர் பெண்கள் என்பது மாணவியராகிய நமக்குப் பெருமையன்றோ! எழுதப் படிக்க அறியாத பாட்டியும் நாள்தோறும் வாசலில் இட்ட கோலத்தில் அறிஞர் ஆராயத்தக்க கணிதம் இருந்தது.

பல்லாங்குழியை எடுத்துக்கொள்வோம். இருபுறமும் ஏழு ஏழாகப் பதினான்கு குழிகள். குழிக்கு 5 வீதம் சோழியோ புளியங்கொட்டையோ இட்டால் மொத்தம் 70. எடுப்பதும், ஒவ்வொன்றாகப் போட்டு வருவதும், எங்கே முடியும் என்று முன்கூட்டியே எண்ணிப் பார்ப்பதும் கூட்டல் கழித்தலைச் சிரமமின்றிப் பழக்கும். ஓர் ஆட்டமுறையில், குழியில் நான்கு முத்துகள் சேர்ந்தால் அதைப் 'பசு' என்று சொல்லி எடுத்துக்கொள்வர். பாட்டியும் பேத்தியும் சமமாக அமர்ந்து ஆடத்தக்க விளையாட்டு இது. பேத்தி வென்றாலும் பாட்டிக்கு மகிழ்ச்சியே!

குடும்பக் கதைகள்

கைகளுக்கு வேலை தந்ததுபோல் உள்ளத்திற்குக் கதை தர வேண்டும். புராணக் கதைகளும் நீதிக் கதைகளும் நன்றே. அவற்றோடு குடும்பத்தின் சொந்தக் கதைகளும் வேண்டும்.

அமெரிக்காவின் எமரி பல்கலைக்கழகத்து உளவியலாளர்களான மார்ஷல் டியூக், ராபின் பைவுஷ் ஆகிய இருவரும் 2001-ஆம் ஆண்டு வாக்கில் 20 வினாக்கள் கொண்ட ஒரு பட்டியலை அமைத்தனர். உன் பெற்றோர் எவ்வாறு சந்தித்தனர், உன் அம்மா எங்கே வளர்ந்தார், உனக்கு இப்பெயர் எப்படி வந்தது என்பன போன்ற எளிய வினாக்கள் அவை. குடும்ப வரலாற்றை மிகுதியாக அறிந்திருந்த பிள்ளைகளிடம் தன்மதிப்பும், தம் வாழ்வைத் தம்மால் நடத்த இயலும் என்ற நம்பிக்கையும் கூடுதலாக இருந்தன. பதில்களை மனப்பாடம் செய்வித்தால் இப்பயன் வந்துவிடாது. பெரியோர் பிள்ளைகளோடு அமர்ந்து பலமுறை பேசுவதிலேதான் சிறப்பு இருக்கிறது என்பதையும் அவர்கள் சுட்டிக்காட்டினர்.

வெற்றிக் கதைகளை மட்டும் சொல்ல வேண்டுவதில்லை. விளைச்சல் பொய்த்த ஆண்டு, தாத்தா வேலையிழந்த காலம், அடகு வைத்த வளையலை மீட்ட நாள் ஆகியவற்றையும் பிள்ளைகள் கேட்கட்டும். துன்பம் வரும், அதைக் கடந்தும் வாழலாம் என்ற உறுதி அவர்களுக்கு வீட்டிலேயே கிடைத்துவிடும்.

பெற்றோருக்கே தெரியாவிடில்?

"எங்களுக்கே இவையெல்லாம் தெரியாதே, எப்படிக் கற்பிப்பது?" என்று பெற்றோர் சிலர் கேட்கலாம். இதே இடர்ப்பாடு நியூசிலாந்தின் பழங்குடியினரான மாவோரி மக்களுக்கும் நேர்ந்தது. 1970-களில் அவர்களுடைய பிள்ளைகளில் மிகச் சிலரே தாய்மொழியைப் பேசினர். பெற்றோர் பலருக்கும் அம்மொழி தெரியாது. முதியோருக்கு மட்டுமே தெரியும். எனவே 1982-இல் அவர்கள் 'கோஹங்கா ரியோ' என்ற மழலையர் இல்லங்களைத் தொடங்கினர். 'மொழிக் கூடு' என்பது அதன் பொருள். பாட்டிமாரும் தாத்தாமாரும் அங்கே வந்து பிள்ளைகளோடு மாவோரி மொழியிலேயே பேசினர், பாடினர், விளையாடினர். சில ஆண்டுகளுக்குள் நாடெங்கும் நூற்றுக்கணக்கான கூடுகள் தோன்றின. 1987-இல் மாவோரி அந்நாட்டின் ஆட்சிமொழிகளுள் ஒன்றாயிற்று.

பெற்றோருக்குத் தெரியாததைப் பாட்டி அறிவார். கூட்டுக் குடும்பங்கள் குறைந்து, பாட்டி ஊரிலும் பேத்தி நகரிலுமாக வாழும் இந்நாளில், விடுமுறையில் ஊருக்குச் செல்வதும் வாரம் ஒருமுறை தொலைபேசியில் ஒரு கதை கேட்பதும் கல்வியின் பகுதியே. பாட்டி இருக்கும்போதே கேட்க வேண்டும். பிறகு வருந்திப் பயனில்லை.

சலித்துக் கொடுப்போம்

இதுவரை கூறியவற்றால், பழையவை யாவும் நல்லவை என்று எவரும் எண்ணிவிட வேண்டாம். மாவைச் சலித்தே நாம் சமைக்கிறோம். மரபையும் சலித்தே பிள்ளைகளுக்குத் தர வேண்டும்.

பெயரிடும் வழக்கத்தின் இனிமையை முதலிற் கண்டோம். அதே வழக்கத்தின்படி, பெண்ணுக்குப்பின் பெண்ணாகப் பிறந்த வீடுகளில் குழந்தைக்கு 'வேண்டாம்' என்று பெயரிட்ட சிற்றூர்களும் நம் நாட்டில் உண்டு. அழைக்கும்போதெல்லாம் "நீ வேண்டாதவள்" என்று சொன்னால் அந்தப் பிஞ்சு நெஞ்சு என்ன பாடுபடும்! வரதட்சணை வாங்குவதும் கொடுப்பதும் 1961-ஆம் ஆண்டுச் சட்டப்படி குற்றம். ஆயினும் அவ்வழக்கம் ஓயவில்லை. பெண் சிசுக்கள் கொல்லப்படுவதைத் தடுக்கத் தமிழக அரசு 1992-இல் தொட்டில் குழந்தைத் திட்டத்தைத் தொடங்க வேண்டியதாயிற்று. இவற்றையும் 'எங்கள் வழக்கம்' என்று சொல்லியே செய்தனர்.

ஆதலால் ஒவ்வொரு வழக்கத்தையும் இரு வினாக்களால் சலித்துப் பார்ப்போம். இது யாரையேனும் தாழ்த்துகிறதா? இதனால் எவருக்கேனும் தீங்கு உண்டா? விருந்தில் வாழையிலை இட்டு அன்போடு பரிமாறுவது காக்கத்தக்கது. ஆண்கள் அனைவரும் உண்டபின் எஞ்சியதைப் பெண்கள் உண்பது விடத்தக்கது. போகியன்று வீட்டைத் தூய்மை செய்வது நன்று. டயரையும் பிளாஸ்டிக்கையும் எரித்து ஊரெல்லாம் நச்சுப்புகை பரப்புவது தீது. சாதியின் பெயரால் ஒருவருக்குத் தனிக் குவளை வைப்பதைப் பிள்ளை பார்த்தால், ஒரு சொல்லும் பேசாமலே நாம் அதைக் கற்பித்தவர்களாவோம்.

இன்னொன்றும் நினைவில் நிற்கட்டும். கோலமும் சமையலும் விருந்தோம்பலும் பெண் குழந்தைகளுக்கு மட்டும் உரிய பாடங்கள் அல்ல. தம்பியும் அரிசி களையட்டும். அண்ணனும் பாட்டியிடம் கதை கேட்கட்டும். இருவரும் சுமந்தால் சுமை பாதி.

வீட்டில் செய்யத்தக்கவை

1. நாளுக்கு ஒருவேளையேனும் தொலைக்காட்சியையும் கைப்பேசியையும் அணைத்துவிட்டு அனைவரும் ஒன்றாக அமர்ந்து உண்போம்.

2. ஒவ்வொரு திருநாளிலும் ஒவ்வொரு பிள்ளைக்கும் அதன் வயதுக்கேற்ற ஒரு வேலையைத் தருவோம். கிறிஸ்துமஸ் குடிலுக்கு வைக்கோல் பரப்பலாம். பொங்கலுக்குக் கரும்பு கட்டலாம். பெருநாள் உணவை அண்டை வீட்டாருக்குக் கொண்டு போய்க் கொடுக்கலாம்.

3. எட்டு வயதுக்கு மேற்பட்ட பிள்ளைகள் குடும்ப மரம் வரைந்து, தெரிந்த பெயர்களை எழுதி, தெரியாத இடங்களைப் பெரியோரிடம் கேட்டு நிரப்பட்டும்.

4. "ஏன்?" என்று கேட்கும் பிள்ளையை அதட்டாதிருப்போம். விடை தெரியாவிடில் பாட்டியிடம் சேர்ந்து சென்று கேட்போம்.

ஐந்தில் வளையாதது ஐம்பதில் வளையாது என்பர். அன்புத் தோழியரே, நாம் இன்று பேத்திகள். நாளை அன்னையர், அதற்கும் பின்னர் பாட்டிகள். நம் மடியில் அமரப்போகும் குழந்தைக்குச் சொல்ல நம்மிடம் என்ன இருக்கும்? இந்த விடுமுறையில் பாட்டியின் அருகே அமர்ந்து அதைச் சேர்க்கத் தொடங்குவோம்.