மராயிக்குப் போகும் முன் – விருந்தினர்க்கு ஒரு பாடம்



ஓக்லாந்தில் வாழும் எமக்கு மாவோரி நடனம் புதிதல்ல. நூதனசாலையில் கட்டணம் செலுத்திப் பார்த்திருக்கிறோம். எமது பிள்ளைகள் பாடசாலையில் ஹாக்கா ஆடுகிறார்கள். ஆனால் மராயி எனப்படும் அவர்களது பொது முற்றத்துக்கு விருந்தினராகப் போவது வேறு. அங்கே பார்வையாளர் என்று எவரும் இல்லை; வருபவர்க்கும் கடமை உண்டு. அண்மையில் எமது குடும்பங்கள் சில, நகரின் தெற்கேயுள்ள ஒரு மராயிக்கு அழைப்பின்பேரில் சென்றன. அங்கே கற்றதையும் நாம் விட்ட பிழையையும் இங்கு தருகிறோம்.

1. வாசல்

வரவேற்புச் சடங்கின் பெயர் போஃபிரி. அழைக்கும்வரை வாசலைக் கடக்கக்கூடாது. உள்ளிருந்து ஒரு பெண் நீண்ட குரலில் அழைப்பார். இது கரங்கா. விருந்தினர் பக்கத்துப் பெண் ஒருவர் பதிற்குரல் கொடுக்க வேண்டும். எமக்காக அயலவரான மாவோரிப் பெண்மணி ஒருவர் அதைச் செய்தார். பெண்கள் முன்னே, ஆண்கள் பின்னே மெதுவாக நடந்து, இடையில் சற்று நின்று தலைகுனிந்தோம்.

கரங்கா உயிரோடிருப்போரை மட்டும் அழைப்பதில்லை, இரு பக்கத்து இறந்தோரையும் அழைக்கிறது என்று அப்பெண்மணி முன்பே விளக்கியிருந்தார். எம்முடன் வந்த ஒரு தாய் அவ்விடத்திலேயே அழுதுவிட்டார். 2009இல் வன்னியில் இறந்த மகனுக்குக் கிரியை செய்ய முடியாமற் போனவர் அவர். "என்ரை பிள்ளையையும் உள்ளுக்குக் கூப்பிட்டவை" என்று மட்டும் சொன்னார்.

2. வீடு

முற்றத்தின் முன்னுள்ள சபை மண்டபம் ஒரு முன்னோரின் உடல். முகட்டு மரம் முதுகெலும்பு, சாய்மரங்கள் விலா எலும்புகள், முகப்பின் இரு சரிவுகளும் விரித்த கைகள். கோபுரத்தைப் பாதமாகவும் கருவறையைத் தலையாகவும் கொண்டு கோயிலை இறைவனின் உடலாகக் காணும் எமக்கு இது எளிதில் விளங்கும். சப்பாத்தைக் கழற்றிவிட்டே உள்ளே செல்ல வேண்டும். தலை புனிதமானது; எனவே தலையணையில் உட்காரக்கூடாது. உணவு வைக்கும் மேசையிலும் உட்காரக்கூடாது. பிள்ளைகளுக்கு முன்கூட்டியே சொல்லிவையுங்கள்.

3. பேச்சும் பாட்டும்

இரு பக்கத்தாரும் பேசுவர். ஒவ்வொரு பேச்சின் முடிவிலும் பேசியவரின் ஆட்கள் எழுந்து பாடி அவர் சொல்லுக்குத் துணை நிற்பர். இப்பாட்டு வையாட்டா. இங்கேதான் பிழைத்தோம். எமது பெரியவர் தமிழில் நன்றாகவே பேசினார். பேசி முடித்ததும் எல்லோரும் எம்மைப் பார்த்தனர். அவரே ஒரு தேவாரத்தைத் தொடங்கினார். முதல் அடிக்குப் பின் பிள்ளைகளின் குரல் கேட்கவில்லை. "அப்பா, எங்களுக்கெண்டு பாட்டு இல்லையா?" என்று ஒரு சிறுமி காதில் கேட்டாள். குற்றம் பிள்ளைகளுடையதன்று.

4. காணிக்கை, மூச்சு, உணவு

கட்டணம் எவ்வளவு என்று முதலில் தொலைபேசியிற் கேட்டோம். கோஹா போதும் என்றனர். கோஹா விலையன்று, காணிக்கை. கணக்கெழுதிப் பிழைக்கும் எமக்கு, தொகை குறிக்காத இந்த வரவு புதுமையாக இருந்தது. உறையிலிட்டு, எமது பக்கத்துக் கடைசிப் பேச்சாளர் முற்றத்தில் வைத்தார். பின்னர் ஹொங்கி: மூக்கோடு மூக்கும் நெற்றியோடு நெற்றியும் தொட்டு மூச்சைப் பகிர்தல். இறுதியில் பந்தி. உணவு உண்டபின்பே சடங்கின் கட்டு நீங்கும்; ஆகவே உண்ணாமற் புறப்படக்கூடாது. சைவ உணவு வேண்டுமெனில் முன்னரே அறிவித்தல் நலம்.

5. மண்

மாவோரி மொழியில் ஃபெனுவா என்ற ஒரே சொல் மண்ணையும் நஞ்சுக்கொடியையும் குறிக்கும். இந்நகர மண்ணின் கதையையும் அறிந்து செல்லுங்கள். 1840இல் ஹொப்சன் ஆளுநரை வரவழைத்து, நகருக்கு நிலம் கொடுத்தவர்கள் ஓராக்கெய்ப் பகுதியின் ங்காத்தி ஃபாத்துவா மக்கள். 1950களின் தொடக்கத்தில் அவர்கள் தமது கடற்கரைக் கிராமத்திலிருந்து வெளியேற்றப்பட்டனர்; வீடுகள் எரிக்கப்பட்டன. மிஞ்சிய மேட்டுநிலத்தையும் விற்க அரசு முயன்றபோது, 1977 ஜனவரி 5 முதல் 506 நாட்கள் அங்கேயே குடியிருந்து எதிர்த்தனர். 1978 மே 25இல் 222 பேர் கைதாயினர். பத்தாண்டுகளின் பின் அரசு நிலத்தைத் திருப்பித்தர இணங்கியது. எரிந்த வீட்டை விட்டு வந்த நாம், சொந்த மண்ணிலேயே வீடு எரிந்தவர்களின் வாசலில் நிற்கிறோம். அவர்கள் எம்மை அழைப்பது சிறிய காரியமன்று.

வீட்டுப் பயிற்சி

அடுத்த முறை போகும் முன் ஒவ்வொரு குடும்பமும் மூன்றைச் செய்யட்டும். பிள்ளைகள் தமது பேரன் பேத்தியரின் ஊரையும் பெயரையும் சொல்லப் பழகட்டும். தாம் நினைவுகூர வேண்டிய இறந்தோர் யார் என்று அறியட்டும். ஒரு தேவாரத்தையாவது முழுவதும் மனனஞ் செய்யட்டும். வெள்ளி மாலைப் பூசையின் பின் நாமும் சேர்ந்து பாடிப் பழகுவோம்.