கணிப்பொறிக்குள் காவல் குழுக்கள்

தஞ்சை மாவட்டத்தில் தம் வயலின் மடையை உழவர் தாமே திறப்பார், தாமே அடைப்பார். வாய்க்காலின் தலைப்பு மதகை மட்டும் அவர் தொடலாகாது. அதைத் திறந்து மூடுவது அரசின் நீர்வளத் துறையைச் சேர்ந்த லஸ்கரின் வேலை. அவர் மாற்றலாகிப் போனால், அடுத்து வருபவரிடம் அந்தப் பொறுப்பு சேரும். அதாவது, உரிமை ஆளுக்கு அன்று, பதவிக்கு.

பலர் பயன்படுத்தும் கணிப்பொறியிலும் இத்தகைய ஏற்பாடு வேண்டும் அல்லவா? 1969-இல் அமெரிக்காவின் பெல் ஆய்வுக்கூடத்தில் உருவாகத் தொடங்கிய யூனிக்ஸும், அதன் வழியில் எழுந்த லினக்ஸும் இதை எளிதாகத் தீர்க்கின்றன. ஒவ்வொரு கோப்புக்கும் ஓர் உரிமையாளர் உண்டு. ஒரு குழுவும் உண்டு. படிக்கவும் எழுதவும் இயக்கவும் உரிமையாளருக்கு, குழுவினருக்கு, மற்றவருக்கு எனத் தனித்தனியே அனுமதி தரலாம். இக்குழுக்களில் சிலவற்றை இயங்குதளமே நிறுவப்படும்போது படைத்துக்கொள்கிறது. இவையே உள்ளமைந்த குழுக்கள். சி-டாக் நிறுவனத்தின் சென்னை மையம் உருவாக்கி, 2007-இல் வெளிவந்த பாஸ் லினக்ஸிலும் இவை உண்டு.

ஒரு சோதனையைக் கருதுவோம். வெப்பநிலை உணரி ஒன்றை ஆர்டுயினோ பலகை வழியே இத்தகைய கணிப்பொறியில் இணைக்கிறீர்கள். அளவீடு வரவில்லை, 'அனுமதி இல்லை' என்ற செய்திதான் வருகிறது. பலகையும் பழுதில்லை, கம்பியும் பழுதில்லை. லினக்ஸில் இணைப்பு வாயிலும் ஒரு கோப்பாகவே கருதப்படும். அதன் உரிமையாளர் 'ரூட்' என்னும் தலைமைப் பயனர், குழு 'டயல்அவுட்'. மற்றவருக்கு அனுமதி கிடையாது. (மோடம் கொண்டு தொலைபேசி எண்ணைச் சுழற்றிய காலத்துப் பெயர் அது. மோடம் போயும் பெயர் நிற்கிறது. படையைக் குறித்த பாரசீகச் சொல்லான லஸ்கர் நம் வாய்க்கால் கரையில் நிற்கவில்லையா?)

ஆய்வகப் பொறுப்பாளர் உங்களை அக்குழுவில் சேர்த்தால் போதும். ஆயினும், சேர்த்த மறுகணமே வேலை நடவாது. குழுப் பட்டியலை இயங்குதளம் நீங்கள் உள்நுழையும்போதுதான் பார்க்கிறது. எனவே ஒருமுறை வெளியேறி, மீண்டும் நுழைய வேண்டும்.

இந்த எளிய வழியை விட்டு, தலைமைக் கடவுச்சொல்லையே எல்லோருக்கும் சொல்லிவிடும் ஆய்வகங்கள் உண்டு. ஒரு வயலுக்குத் தண்ணீர் விட ஆற்றின் கரையையே வெட்டுவது போன்ற செயல் அது!

குழுவின் பெயரை மட்டும் பார்த்து அதன் வலிமையை எடைபோட இயலாது. 'வீடியோ' குழுவினர் தொலைவிலிருந்து நுழைந்தும் ஆய்வகக் கேமராவை இயக்கக்கூடும். 'டிஸ்க்' என்பது சாதுவான பெயராகத் தோன்றும். ஆனால் அக்குழுவினர் கோப்புகளின் அனுமதியைக் கேளாமலே வட்டில் உள்ள துணுக்குகளை நேரே படிக்கலாம், எழுதலாம். உங்கள் நண்பரின் செய்முறைக் குறிப்பேடு, மதிப்பெண் பட்டியல், குறியீடாக்கிய கடவுச்சொற்கள் அனைத்தும் அதில் அடக்கம். ஏறத்தாழ அது தலைமைப் பயனரின் அதிகாரமேதான்.

முனையத்தில் 'குரூப்ஸ்' என்னும் ஆங்கிலக் கட்டளையைச் சிறிய எழுத்துகளில் தட்டிப் பாருங்கள். நீங்கள் எந்தெந்தக் குழுக்களில் இருக்கிறீர்கள் என்பது தெரியும். அதில் 'டிஸ்க்' இருந்தால், ஆசிரியரிடம் சொல்லி நீக்கச் செய்யுங்கள்.